மூன்று மான்கள்

தலைநகரில் நடக்கவிருக்கும் ஒரு கலைவிழாவின் நிகழ்ச்சி நிரல் இவ்வாரம் எங்கள் ஊரான கெர்லிங் வரை வந்து சேர்ந்தது. அதில் கார்ட்டூன் படங்கள் அனைத்தையும் ‘சிறுவர் பகுதி’ என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கி, பெரியவர்கள் எவரும் எட்டிப் பார்க்க இயலாத காலை வேளையில் வைத்திருந்ததைக் கண்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமன்று. “ஆரம்பித்துவிட்டார்” என்று இப்பத்தியின் பழைய வாசகர்கள் நகைப்பது கேட்கிறது. நகைக்கட்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு பிரேம்களுக்கு நீட்டினாலுங்கூட, ஒரு நிமிஷப் படத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டும். இப்பேர்ப்பட்ட பிரயாசையைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளுபவர்களை என்னவென்று சொல்வது?

நிரலில் ஜப்பான் இருந்தது, பிரான்ஸ் இருந்தது; ஆனந்தம் சேவியர் இல்லை. மலேசிய அரசாங்கப் படநிலையமான பிலெம் நெகாராவில் உத்தியோகம் பார்த்த அவர் 1978-இல் முடித்த ‘ஹிகாயாட் சாங் கான்சில்’தான் இந்நாட்டின் முதல் கார்ட்டூன் குறும்படம் என்று போற்றப்படுவது; ஆனால் அது தொலைக்காட்சியில் தலைகாட்டியதோ 1983-இல். அதன் கதாநாயகன் சருகுமான். காட்டோர நிரையில் பால்மரம் சீவப் போனவர்களுக்கு அப்பிராணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முயலளவே உடம்பு, குச்சி போன்ற கால்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் மாயமாகிவிடும் சாமர்த்தியம்.

விசித்திரம் என்னவென்றால், பாரதத்திலும் அரசாங்கப் படநிலையம் இவ்வித்தையை ஒரு மானை வைத்தே பயின்றது. பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனில் சித்திரக்காரர்களைப் பழக்குவதற்கு 1956-இல் வந்த கிளேர் வீக்ஸ், டிஸ்னியின் ‘பாம்பி’யில் வேலை செய்தவர், இந்தியாவிலேயே பிறந்தவருங்கூட. அவரிடம் பயின்றவர்கள் 1957-இல் எடுத்த ‘தி பான்யன் டீர்’ புத்த ஜாதகக் கதை: தினம் ஒரு மானைக் காசி மன்னனின் மடைப்பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாட்டில், சூலுற்ற பெண்மானின் முறை வந்தபோது, அதற்குப் பதிலாகத் தன் கழுத்தையே கொலைக்களத்தில் வைத்த மானரசனின் சரித்திரம்.

உத்தமமான கதைதான், மறுக்கவில்லை. ஆயினும், சுல்தானின் விருந்துக்குத் தலை எண்ண வேண்டுமென்று முதலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிறுத்தி, “ஒன்று, இரண்டு” என்று அவற்றின் முதுகில் தாவியபடியே அக்கரை சேர்ந்து கனி தின்ற அந்தப் பொய்யன் சருகுமானிடந்தான் என் மனம் ஒட்டிக்கொள்கிறது. முன்பொரு முறை இதை எழுதியதற்கு, பிள்ளைகளுக்கு வஞ்சகம் போதிப்பதாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்டனக் கடிதம் விடுத்தார். மானரசனின் தியாகம் பலித்ததற்குக் காசி மன்னனுடைய இளகிய நெஞ்சமும் ஒரு காரணமல்லவா, நம் தோட்டங்களை ஆண்ட பெரிய துரைமார்களில் காசி மன்னர்கள் எத்தனை பேர் என்று அவரை வினவியிருந்தேன். மறுமொழி இன்னும் வந்தபாடில்லை.