சீட்டைப் பிரிக்காமல் ஒரு சண்டை

சம்பள நாள் மாலையில் லயத்து வாசலில் நடக்கும் வாக்குவாதம் நமக்குப் புதிதல்ல. "சேமலாப நிதி என்று நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு 20 வெட்டுறான்" என்பார் ஒருவர். "இல்லை, 8தான்" என்பார் மற்றவர். "ஒனக்கு என்ன தெரியும்" என்று அது வளரும். 1,000 ரூபாவை யார் வாங்கிக் கொடுத்தது என்ற பழைய சண்டையும் சேர்ந்துகொள்ளும். (2021இல் அது கூட்டு ஒப்பந்தத்தால் வரவில்லை, சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது.) சம்பளச் சீட்டு மட்டும் மடித்தபடியே பையில் கிடக்கும்.

தொழிலாளர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஒரு தோட்டத்தில் நமது கமிட்டியே இந்த 20 வீதக் கதையை நம்பி ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டது. ஒரு அக்காவின் சீட்டை மேசையில் விரித்து, வெட்டியது 8 வீதம்தான் என்று காட்டினார்கள். பேச்சில்லாமல் திரும்பினோம்.

பிறகுதான் அந்த அக்கா மத்திய வங்கியிலிருந்து வந்த கணக்குக் கூற்றைக் கொண்டுவந்தார். சீட்டில் மாதாமாதம் காசு வெட்டியிருக்கிறது. கூற்றில் 3 மாதக் காசு ஏறவே இல்லை. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, இல்லாத ஒன்றுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். மறுபடி போனபோது நம்மை யாரும் காதில் வாங்கவில்லை. சீட்டுகளையும் கூற்றையும் இணைத்துத் தொழில் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் 25 நாள் வேலை என்றால் 33,750 ரூபா. நம்மிடம் வெட்டுவது 8 வீதம், 2,700 ரூபா. நிர்வாகம் தன் கையிலிருந்து போட வேண்டியது 12 வீதம், 4,050 ரூபா. ஆக, நம் பெயரில் மாதம் 6,750 ரூபா ஏற வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் கட்டும் 3 வீதம் வேறு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கப்போகும் காசு இது. அன்றைக்குப் போய்க் குறைகிறது என்றால் பழைய சீட்டுகளை எங்கே தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி 6 மாதச் சீட்டுகளையும் கணக்குக் கூற்றையும் கொண்டுவாருங்கள். வாசிக்கச் சிரமம் என்றால் ஸ்கூல் போகும் பிள்ளையைக் கூட்டிவாருங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும்.