இரவு 2 மணிக்கு விழித்திருப்பவர் யார்?



ஆலைத் தொழிலாளி ஒருவரை நிறுத்தி, "ஓர் ஆள் எத்தனை தறி பார்க்க முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பிலே எண்ணிக்கையைச் சொல்லிவிட மாட்டார். நூல் எந்த ரகம், தறி பழையதா புதியதா, இழை எத்தனை தடவை அறுகிறது, உதவிக்கு ஆள் உண்டா இல்லையா, இத்தனையும் கேட்டுக்கொண்ட பிறகே விரலை மடக்குவார். இரண்டு தறி பார்த்தவரை நான்கு தறி பார்க்கச் சொன்ன காலத்திலே எத்தனை ஆலைகளிலே வேலைநிறுத்தம் நடந்தது, எத்தனை வீடுகளிலே அடுப்பு எரியாமல் கிடந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேலைப்பளு என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

அதே கேள்வியை இன்று மருத்துவமனை வாயிலிலே நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று கூறுகிறேன்.

2023 அக்டோபரிலே, புற்றுநோய்க்கான புதிய சிகிச்சை ஒன்றுக்கு இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம் தயாரிப்பது. நெக்ஸ்கார்19 என்பது பெயர். 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மும்பைக்கு வந்து தொடங்கி வைத்தார். 2025 சனவரியிலே பெங்களூரு நிறுவனம் ஒன்றும் இத்தகைய சிகிச்சையைக் கொண்டுவந்தது.

சிகிச்சை என்றதும் மாத்திரை, ஊசி என்று எண்ணிவிடாதீர்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்தே 'டி செல்' எனப்படும் காவல் அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட வைரசை வண்டியாக்கி, அந்த அணுக்களுக்குள்ளே புதிய மரபணுவை ஏற்றுகிறார்கள். புற்றணுவின் மேலுள்ள அடையாளத்தைக் கண்டால் பாய்ந்து தாக்கும் திறன் அவற்றுக்கு வந்துவிடுகிறது. அப்படிப் பழக்கிய அணுக்களைப் பெருக்கி, அதே மனிதரின் உடம்பிலே திருப்பிச் செலுத்துகிறார்கள். அவருடைய படையே, அவருடைய பகையை வெல்லப் போகிறது! கார்-டி சிகிச்சை என்று இதற்குப் பெயர். அமெரிக்காவிலே 2017 ஆகஸ்டிலே முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது விலை 4,75,000 டாலர். இங்கே ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய். பத்திலே ஒரு பங்கு என்று மகிழ்கிறார்கள், மகிழ வேண்டியதுதான். 40 இலட்சத்தை நம் வீட்டு உண்டியலிலே தேட முடியுமா என்பது வேறு கேள்வி. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இன்றைக்கு நான் கேட்பது இதுதான்: அந்த அணுக்கள் உடம்பிலே ஏறிய இரவு, கட்டிலருகே யார் நிற்பது? அவருக்கு என்ன தெரியும்? அவர் இன்னும் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார்?

2012ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவிலே பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை. எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி; இரத்தப் புற்றுநோய்; கொடுத்த மருந்தெல்லாம் கைவிட்ட நிலை. உலகிலேயே முதல் குழந்தையாக அவளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். அணுக்கள் வேலையைத் தொடங்கின. ஆனால் காய்ச்சல் கொளுத்தியது, இரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சு விட எந்திரம் பொருத்த வேண்டியதாயிற்று. புற்றுநோயைக் கொல்ல வந்த படை, ஊரையே கொளுத்துகிறதோ என்று அஞ்சினர். இரத்தத்தைச் சோதித்தபோது, ஐ.எல்.-6 என்ற பொருள் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. ஆராய்ச்சியை முன்னின்று நடத்திய கார்ல் ஜூன் என்ற விஞ்ஞானிக்கு ஒரு மருந்து நினைவுக்கு வந்தது. மூட்டுவாத மருந்து! அவருடைய மகளுக்கு மூட்டுவாத நோய் இருந்ததால் அவருக்குத் தெரிந்திருந்தது. டோசிலிசுமாப் என்ற அந்த மருந்தைக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது, தன் 7ஆம் பிறந்த நாளன்று சிறுமி கண் விழித்தாள்.

எமிலி பிழைத்ததற்கு ஒரு தகப்பனின் நினைவு துணை நின்றது. அடுத்து வந்த ஆயிரமாவது நோயாளிக்கு? அவர் கட்டிலருகே கார்ல் ஜூன் இருப்பாரா? இருக்க மாட்டார்! இரவுப் பணி நர்சு இருப்பார். அன்று ஒரு பேராசிரியரின் தலைக்குள்ளே இருந்த அறிவு, இன்று அந்த நர்சின் தலைக்குள்ளே இருந்தாக வேண்டும். அமெரிக்க அரசு இதைப் புரிந்துகொண்டது. 2017லே அனுமதி தந்தபோதே, இந்தச் சிகிச்சை தரும் மருத்துவமனை தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்று பெற வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கும் டோசிலிசுமாப் இரண்டு தடவைக்கு உரியதை கையிருப்பிலே வைத்திருக்க வேண்டும் என்று கட்டளை போட்டது. ஏறத்தாழ எட்டாண்டு கழித்து, 2025 சூனிலேதான், மருத்துவ உலகம் பழகிவிட்டது என்று கூறி அந்தத் தனிக் கட்டளையை எடுத்தார்கள். எட்டாண்டுப் பழக்கத்துக்குப் பிறகு அவர்கள் எடுத்ததைக் காட்டி, "நமக்கு எதற்கு?" என்று இங்கே யாராவது கேட்பார்களானால், நீந்தக் கற்றவன் கழற்றிப் போட்ட சுரைக்குடுக்கையைக் கண்டு, நீச்சல் தெரியாதவன் தானும் குடுக்கையில்லாமல் கிணற்றிலே குதித்த கதையாகிவிடும்.

அந்த நர்சு செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மைனஸ் 120 பாகைக்கும் கீழே உறைந்த நிலையிலே பை வருகிறது. பையிலே எழுதியிருப்பதும் கட்டிலிலே படுத்திருப்பவரும் ஒருவர்தாமா என்று இருவர் சரிபார்க்க வேண்டும். ஒருவருடைய அணுக்கள் இன்னொருவருக்கு ஏறிவிடக் கூடாதல்லவா! இவ்வகை மருந்துகளில் ஒன்றை, 37 பாகை வெந்நீரிலே உருக்கினால், அரை மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். பிறகு நாள்தோறும் காய்ச்சல், அழுத்தம், மூச்சு. அதற்கும் மேலே, மூளை தடுமாறுகிறதா என்ற சோதனை. இது என்ன ஆண்டு, என்ன மாதம், எந்த ஊர், எந்த மருத்துவமனை? இந்தப் பொருள்களின் பெயர் என்ன? நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுங்கள். ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள். நேற்று நேராக எழுதிய கை இன்று கோணலாக எழுதுகிறதா? மருத்துவர் அலைபேசியிலே காண முடியாத அந்தக் கோணலை, நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்திலே வைத்துப் பார்க்கும் கண்தான் காண முடியும். பத்து மதிப்பெண்ணுள்ள சோதனை. சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடம் அவருக்கு இருக்க வேண்டுமே! முப்பது கட்டிலுக்கு ஒருவர் என்று நிறுத்தினால், எந்தக் கையெழுத்தை எப்போது பார்ப்பார்?

இது சிகிச்சையின் பளு. ஆராய்ச்சியின் பளு தனி. புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்திலே, நோயாளிக்குப் புரியும் மொழியிலே விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே இரத்தம் எடுக்க வேண்டும். கடுமையான கேடு ஏதேனும் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு இந்திய விதி. அறிவிக்க வேண்டிய பொறுப்பு தலைமை ஆய்வாளருடையது. ஏட்டைப் புரட்டி, நேரத்தைக் குறித்து, தாளை நிரப்பிக் கொடுப்பது? பெயர் வராத நர்சும் ஒருங்கிணைப்பாளரும்!

தாளை நிரப்புவதிலே என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலே நடந்த மருந்துச் சோதனைகளின்போது இறந்தவர்கள் 2,644 பேர் என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்திலே கூறியது. அவர்களிலே சோதனையால் இறந்தவர்கள் என ஒப்பியது 80 பேரை. எல்லோரும் மருந்தால் மடிந்தார்கள் என்று நான் கூற மாட்டேன். சோதனைக்கு வருகிறவர்களிலே பலர் கடும் நோயாளிகள், நோயே கொன்றிருக்கக்கூடும். ஆனால் இது நோயின் சாவு, இது மருந்தின் சாவு என்று பிரிப்பது எதைக் கொண்டு? கட்டிலருகே எழுதிய அந்தத் தாளைக் கொண்டு! களைத்த கை எழுதத் தவறியிருந்தால், இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடும் இல்லை, உண்மையும் இல்லை.

ஒப்புதல் கதையும் தெரிந்ததே. 2009லே ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலே பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆராய்ந்தபோது, பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தைப் பல தாள்களிலே விடுதிக் காப்பாளர்களே இட்டிருந்தனர். நாடாளுமன்றக் குழு 2013லே கண்டித்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாயிடமும் விளக்க எத்தனை ஆள், எத்தனை நாள் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஆளைப் பழக்கியிருந்தால், அந்தக் குறுக்கு வழிக்கு எவருக்கும் சாக்கே இருந்திராது.

"வேலைப்பளுவை எப்படியப்பா அளப்பது? இது என்ன தறியா?" என்று கேட்கக்கூடும். அளந்திருக்கிறார்கள்! கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலே, புற்றுநோய் ஆய்வு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை எடை போடும் முறையை வகுத்தார்கள். சிகிச்சையே இல்லாமல் தகவல் மட்டும் திரட்டும் ஆய்வு கீழ்ப்படியிலே. அடிக்கடி வரவழைத்து, அடிக்கடி சோதித்து, மனிதருக்கு முதல் தடவையாக மருந்து கொடுக்கும் ஆய்வு மேற்படியிலே. பத்து நோயாளி என்றால் பத்து நோயாளி அல்ல. எந்த ஆய்வின் பத்து என்று கேட்கிறது அந்தக் கணக்கு. நூலின் ரகம் என்ன என்று நம் ஆலைத் தொழிலாளி கேட்டாரே, அதே கேள்விதான்! பிரிட்டனிலே 2018 முதல் மான்செஸ்டர், மிட்லண்ட்ஸ்-வேல்ஸ், வடக்கு இங்கிலாந்து-ஸ்காட்லாந்து என மூன்று வட்டாரங்களிலே இத்தகைய உயர்சிகிச்சைக்கென்றே மையங்கள் அமைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான பணிகளிலே ஒன்று ஊழியர் பயிற்சி.

சீமையைக் காட்டிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். சென்னைக்கு வாருங்கள்!

1956ஆம் ஆண்டு சென்னையிலே காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோய் கண்டால் சானடோரியத்திலே படுக்க வேண்டும், பால் பழம் வேண்டும், ஓய்வு வேண்டும் என்பது அந்நாளைய மருத்துவம். ஏழைக்குக் கட்டில் எங்கே, பால் எங்கே, ஓய்வு எங்கே? எனவே, 200க்கும் குறைவான நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறை சானடோரியத்திலும் மறு கூறை அவரவர் குடிசையிலுமே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். 1959லே முடிவு வந்தது. நெருக்கமான வீட்டிலே, குறைந்த உணவோடு, வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தனர். கூட இருந்த பிள்ளைகளுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகமே காசநோய்க்கு மருத்துவம் பார்க்கும் முறையை அந்த முடிவு மாற்றியது!

அந்த முடிவை நம்பும்படி செய்தவர்கள் யார்? முன்னறிவிப்பின்றிச் சென்று குடிசைக் கதவைத் தட்டி, மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதனைக்கு வாங்கி வந்தார்களே, அந்தப் பயிற்சி பெற்ற நர்சுகளும் சுகாதாரப் பார்வையாளர்களும்! வீட்டிலே மருந்தை ஒழுங்காக விழுங்கினார்களா என்ற ஐயத்துக்கு விடை அவர்கள் கூடையிலே இருந்தது. ஒருவர் இத்தனை வீடு, இத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கு இல்லாதிருந்தால், ஆராய்ச்சியும் இல்லை, புகழும் இல்லை.

வேலூருக்கும் வாருங்கள். கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலே கடும் ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் விவரம் 2024 டிசம்பரிலே அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டிலே வெளிவந்தது. அடிபட்டால் இரத்தம் உறையாத நோய். மூட்டுக்குள்ளே தானாகவே கசிந்து முடமாக்கும் நோய். 22 முதல் 41 வயது வரையுள்ள ஆண்கள். சிகிச்சைக்குப் பிறகு, ஐவரையும் சேர்த்து 81 மாதம் கவனித்ததிலே, இரத்தக் கசிவு ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட இல்லை என்று எழுத, ஒவ்வொரு வீக்கத்தையும் ஒவ்வொரு வலியையும் கேட்டுக் குறித்துக்கொண்டே ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஐவருக்குச் செய்ததை ஐயாயிரம் பேருக்குச் செய்யப் போகும் நாள் வரும். அன்று இடர்ப்பாடு மருந்திலே இருக்காது, ஆளிலே இருக்கும். ஆராய்ச்சி ஊழியரை, ஆய்வு நடக்கும் வரை ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்கிறோம். ஆய்வு முடிகிறது, ஆளும் போகிறார், அவர் கற்றதும் அவரோடு போகிறது. அடுத்த ஆய்வுக்குப் புதிய ஆள், புதிய பாடம், பழைய தவறு! பயிற்சி என்ற பெயரிலே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் படம் காட்டிச் சான்றிதழ் கொடுப்பதும் உண்டு. இரவுப் பணி முடித்து வந்தவர் அந்தப் படத்தின் முன்னே உறங்கினால் அவரையா குறை கூறுவது?

பணம் எங்கே என்பார்கள். ஆய்வு நடத்தும் நிறுவனம் போடும் திட்டத்திலே குளிர்பெட்டிக்குப் பணம் இருக்கிறது, வண்டிக்குப் பணம் இருக்கிறது, காப்பீட்டுக்குப் பணம் இருக்கிறது. நர்சின் மணிக்கணக்கு மட்டும் "இருக்கிற ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியிலே மறைந்துவிடுகிறது. அந்த வரியை அடித்துவிட்டு, இந்த ஆய்வுக்கு இத்தனை மணி, இத்தனை ஆள், பயிற்சி நாளுக்கும் சம்பளம் என்று எழுதாத திட்டத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி தரக் கூடாது. மருத்துவமனை ஊழியர் சங்கத்துத் தோழர்கள் இதைச் சம்பளக் கோரிக்கையோடு கோரிக்கையாக எழுதி வைக்கலாம்.

நம் ஊர்ப் பெரிய மருத்துவமனையிலும் நாளை இந்தச் சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு திறப்பார்கள். பந்தல் இருக்கும், பொன்னாடை இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும். நீங்களும் போவீர்கள். பேச்சு முடிந்ததும் தலைமை மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள்: இரவுப் பணிப் பட்டியலைப் பார்க்கலாமா? இந்தப் பிரிவுக்கென்றே பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? அவர்களிலே ஒருவர் விடுப்பிலே போனால் அடுத்த பெயர் எது? அடுத்த பெயர் இல்லை என்றால், நோயாளியைச் சேர்க்கும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.