போர்மட் அடிச்சாலும் போகாத வியாபாரம்

"லப்டொப்புக்கு வைரஸ் வந்திட்டுது. போர்மட் அடிக்க வேணும்." திருக்கேதீஸ்வரத்திலிருந்து மன்னார்ப் பாலம் தாண்டிப் போய்க் கடையில் லப்டொப்பைக் குடுத்தால் பெரும்பாலும் கிடைக்கிற தீர்ப்பு இதுதான். கூடவே ஒரு புத்திமதி இலவசம்: "கண்ட கண்ட சைட்டுக்குள்ள போகாதேங்கோ." இந்தத் தீர்ப்பும் பிழை, புத்திமதியும் பிழை என்பதுதான் எங்கள் வாதம்.

நோய்க்குறிகள் எல்லோருக்கும் தெரிஞ்சவைதான். கூகுளில் ஒன்றைத் தேடினால் பேரே கேள்விப்படாத வேறொரு தேடுபக்கம் வந்து நிற்கும். முகப்புப் பக்கம் தானாக மாறிக் கிடக்கும். உலாவியைத் திறந்து ஒரு பக்கமும் பார்க்காமல் இருக்கும்போதே திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஒரு பெட்டி எழும்பும். சந்தேகம் என்றால் விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். அவர்கள் நன்கொடை கேட்பார்கள், ஆனால் வியாபார விளம்பரம் போடுவதில்லை. அங்கேயும் சூதாட்ட விளம்பரம் தெரிந்தால், அதைக் கொண்டுவந்து ஒட்டுகிற ஆள் உங்கள் கணினிக்குள்ளேயே குந்தியிருக்கிறார்.

இதன் பேர் ஆட்வெயார். விளம்பரம் காட்டிக் காசு உழைக்கிற மென்பொருள். உங்கள் ஒப்படைகளை அழிப்பதில் அதற்கு ஒரு இலாபமும் இல்லை. உங்கள் கண்ணும் விரலும்தான் அதற்கு வேணும். ஒவ்வொரு கிளிக்குக்கும், திசைதிருப்பின ஒவ்வொரு தேடலுக்கும் எங்கேயோ ஒருவருக்குச் சில சதம் சேருகிறது. வைரஸ் என்று சொல்லும்போது ஏதோ காய்ச்சல் பரவின மாதிரி, யாருமே பொறுப்பில்லாத மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. ஆனால் இதற்கு முதலாளி இருக்கிறார், கணக்குப் புத்தகம் இருக்கிறது, சட்டத்தரணியும் இருக்கிறார். ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம், தங்கள் பொருளைத் தடுத்துவிட்டது என்று கஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் மேலேயே அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கஸ்பர்ஸ்கை பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக்குள் புகுந்தவன், கதவைச் சாத்தினவனைக் கோட்டுக்கு இழுத்த கதை!

இனி அந்தக் "கண்ட கண்ட சைட்" எது என்று பாருங்கள். உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை கடந்தகால வினாத்தாள் தேடுகிறது. வந்த பக்கத்தில் மூன்று பச்சை நிற "டவுன்லோட்" பொத்தான்கள். அதில் இரண்டு விளம்பரம். ஒன்றை அழுத்தினால், "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று கேட்கிறது. பிள்ளை அழுத்துகிறது. அது ரோபோச் சோதனையே இல்லை, அந்தத் தளம் இனி எந்த நேரமும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற அனுமதி. வினாத்தாள் தேடினது குற்றமா?

பெரிய கொம்பனிகள் செய்ததைப் பார்த்தால் புத்திமதியின் இலட்சணம் இன்னும் விளங்கும். பல வருசமாக ஜாவாவை அதன் சொந்தத் தளத்தில் இறக்கி நிறுவினவர்களுக்கும், ஆஸ்க் டூல்பாருக்கான பெட்டி ஏற்கெனவே சரி போட்டபடிதான் வந்தது. நீங்கள் கவனிச்சு அதை எடுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். 2014இன் கடைசியில் லெனோவோ விற்ற லப்டொப்புகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பெட்டி பிரிக்க முதலே உள்ளே இருந்தது. வங்கிப் பக்கம் மாதிரிப் பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் அது புகுந்து நின்றது. எல்லா லப்டொப்பிலும் ஒரே சாவிதான். 2015 பெப்ரவரியில் விசயம் வெளியே வந்ததும், ஆய்வாளர் ஒருவர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சில மணித்தியாலத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். 2017இல் 32 அமெரிக்க மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டி லெனோவோ வழக்கை முடித்துக்கொண்டது. புது லப்டொப் வாங்கினவர் எந்தக் கண்ட சைட்டுக்குப் போனவர்?

எங்களுக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. எங்கட பக்கத்து வீடுகளில் ஒரு லப்டொப்பை மூன்று நாலு பேர் பாவிக்கிறார்கள். திடீரென்று அரைகுறை உடுப்போடு ஒரு விளம்பரம் அம்மாவுக்கு முன்னால் எழும்புகிறது. அண்ணனை யாரும் கேட்பதில்லை. "நீ என்னத்தைப் பார்த்தனி?" என்று தங்கச்சியைத்தான் கேட்கினம். லப்டொப் அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்படும். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கும். "கண்ட கண்ட சைட்" என்ற வார்த்தை கடையில் சும்மா சொல்லப்பட்டது, வீட்டுக்கு வரும்போது அது சாட்சியாகி விடுகிறது. விளம்பரம் அனுப்பினவனுக்கு அவளின் பேர்கூடத் தெரியாது.

சம்மதம் என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டுச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுதந்திரமாகவும் விளங்கிக்கொண்டும் ஐயமில்லாமலும் தருவதைத்தான் சம்மதம் என்கிறது. ஏற்கெனவே சரி போட்ட பெட்டியும் ரோபோ வேசம் போட்ட பொத்தானும் இதில் எதற்குள் அடங்கும்?

சரி, கையில் இருக்கிற லப்டொப்பை என்ன செய்யிறது? முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவிய செயலிகளின் பட்டியலைத் திறந்து, திகதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கின நாளில், நீங்கள் போடாத ஏதாவது வந்திருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் உலாவிக்குப் போக வேணும், இல்லையென்றால் நீங்கள் எடுக்க எடுக்க அது திரும்பப் போடும். பிறகு குரோமின் மூன்று புள்ளிக்குள் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். நல்ல பேரோடு இருந்தாலும் நம்ப வேண்டாம். த கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனை இருபது இலட்சம் பேரளவில் பாவிச்சவை. 2020இல் அது கைமாறியது. 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறதென்று கூகுளே அதைத் தூக்கியது. பாவிக்காததை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் தேடுபொறியையும் தொடக்கப் பக்கத்தையும் சரிசெய்யுங்கள். சைட் செட்டிங்ஸுக்குள் நொட்டிபிகேஷன் என்ற இடத்தில் அலவ் பண்ணின தளங்களின் பட்டியல் இருக்கும். மூலையில் எழும்புகிற "வைரஸ்" பெட்டிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன, அழிச்சால் அந்த நிமிசமே சத்தம் நிற்கும். குரோம் ஐகனின் புரொப்பட்டீஸில் டார்கெட் வரியின் முடிவில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் வெட்டுங்கள். வீட்டு லப்டொப்பில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று குரோம் சொன்னால் இன்னும் ஆழமாக ஏதோ இருக்கக்கூடும். அப்போது மால்வெயார்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து அட்வ்கிளீனரை இலவசமாக இறக்கி ஓட விடுங்கள். பேரைத் தேடி முதலில் வருகிற விளம்பரத்தை மட்டும் அழுத்திவிடாதீர்கள்!

இவ்வளவுக்கும் ஒரு பின்னேரம் போதும். ஒரு கோப்பும் அழியாது. கடையில் போர்மட் அடிச்சால் அம்மம்மாவின் படங்களும் உங்கள் நோட்ஸும் போகும், கிராக் பண்ணின விண்டோஸ் ஒன்று புதிதாக ஏறும், அதுக்குள்ள என்ன இருக்கோ. வீட்டுக்கு வந்து பழைய ஜிமெயிலால் குரோமுக்குள் போய் சிங்க் ஒன் பண்ணினதும், நீங்கள் அழிக்காமல் விட்ட அந்த எக்ஸ்டென்ஷன் பின்னாலேயே வந்து நிற்கும்.