ஒத்த ரிங் போதும் மச்சி!

ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி. ஃப்ளைஓவர் ஏத்தத்துல ஸ்டைலா எழுந்து நின்னு மிதிச்சேன். 'க்ளக்'னு ஒரு சத்தம். அடுத்த நொடி கால் காத்துல, முட்டி தார் ரோட்டுல! பின்னால வந்த ஆட்டோ அண்ணன் மட்டும் சடன் பிரேக் போடலைன்னா, இந்த வாரம் இந்தப் பக்கத்தை வேற யாராவது எழுதிட்டு இருப்பாங்க.

காரணம், முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவுல நடந்த ஒரு ஆபரேஷன். "மச்சி, முன்னாடி எதுக்குடா ரெண்டு சக்கரம்? சின்னதை நீ தொட்டதே இல்லையே... கழட்டிடலாம்டா!" என்றான் ரூம்மேட். கழட்டினோம். முன் கியர் மாத்துற டிரெயிலியர், அதோட கேபிள், சின்ன ரிங் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள்ள போச்சு. பைக் பார்க்க 'சிக்'னு இருந்துச்சு. பன்னிரண்டு மணி நேரம்கூட தாங்கலை!

ஐடியாவுல தப்பே இல்லை மக்களே. இதுக்குப் பேர் 'ஒன் பை'. அதாவது முன்னால ஒரே ஒரு செயின் ரிங், மத்த வேலையெல்லாம் பின்னால இருக்கிற கேசட் பார்த்துக்கும். முன்னால 2, பின்னால 11, ஆக மொத்தம் 22 கியர்னு பில்டப் கொடுக்கிற பைக்ல பல கியர் ஒண்ணுக்கொண்ணு ஜெராக்ஸ் காப்பிதான். முன்னால 50 பல், பின்னால 32 பல் போட்டா, பெடல் ஒரு சுத்து சுத்தும்போது பின் சக்கரம் 1.56 சுத்து. முன்னால 34, பின்னால 22 போட்டா 1.55 சுத்து. வித்தியாசம் கண்டுபிடிங்க பார்ப்போம்!

அப்புறம் ஏன் நான் விழுந்தேன்? ரெண்டு ரிங் பைக்ல வர்ற பெரிய ரிங்கை உத்துப் பாருங்க. சில பற்கள் குட்டையா இருக்கும், பக்கவாட்டுல சின்னச் சின்ன மேடு வெட்டியிருப்பாங்க. செயின் ஒரு ரிங்ல இருந்து இன்னொண்ணுக்கு ஈஸியா தாவணும்கிறதுக்காகவே செஞ்ச டிசைன் அது. அதோட, முன் டிரெயிலியர் செயினுக்கு ரெண்டு பக்கமும் வேலி மாதிரி நிக்கும். நாங்க வேலியைப் பிடுங்கிட்டு, ஓடிப்போற மாட்டை அப்படியே விட்டுட்டோம். ஓடிப்போச்சு!

இதுக்குன்னே பிறந்ததுதான் 'நேரோ-வைடு' ரிங். செயின்ல ஒரு கண்ணி அகலம், அடுத்தது ஒடுக்கம்னு மாறி மாறி வரும். அதே மாதிரி ரிங்லயும் ஒரு பல் தடி, ஒரு பல் ஒல்லி. ஸ்க்ரூ நட்டுல உட்கார்ற மாதிரி கச்சிதமா உட்காரும். அதனாலதான் இந்த ரிங் 40, 42, 44னு இரட்டைப்படையிலேயே கிடைக்குது. 41 கேட்டா கடைக்காரர் சிரிப்பார். ஸ்ரேம் கம்பெனி 2012-ல் மலை பைக்குக்காக இதைக் கொண்டுவந்துச்சு. அப்புறம் அது ரோட்டுப் பக்கமும் எட்டிப் பார்த்துடுச்சு.

கால்குலேட்டரை எடுங்க பாஸ்

ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை இது. 50/34 ரிங், 11-32 கேசட் பைக்ல டாப் கியர் 4.55, லோ கியர் 1.06. அதையே 42 ரிங், 11-42 கேசட்டா மாத்தினா டாப் 3.82, லோ சரியா 1. ஏத்தத்துல உங்களுக்கு லாபம்தான். நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா டாப் ஸ்பீடு சுமார் 51 கிலோமீட்டர்ல இருந்து 43-க்கு இறங்கும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, சமதளத்துல 43-ல எத்தனை தடவை போயிருக்கீங்க?

வலி வேற இடத்துல இருக்கு. 11-க்கு அடுத்து 12 இருந்த இடத்துல இப்போ நேரா 13. எதிர்காத்துல, கும்பலோட ஒரே வேகத்துல போகும்போது ஒரு கியர் கனமா இருக்கும், அடுத்தது காலியா சுத்தும். ரேஸ் ஓட்டுற பார்ட்டிங்க இதை யோசிச்சுக்கோங்க. சமதளத்துல காலேஜுக்குப் போய் வர்றவங்களுக்கு இருக்கிற கேசட்டே போதும். ஏற்காட்டோட 20 கொண்டை ஊசி, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி உங்க கனவுல வருதுன்னா, பெரிய கேசட் கண்டிப்பா வேணும்.

ஆனா பெரிய கேசட்டைச் சாதா ரோடு டிரெயிலியர் ஏத்துக்காது. உதாரணமா, ஷிமானோ 105 ஆர்7000-ல குட்டைக் கால் மாடல் 30 பல் வரைக்கும், நெட்டைக் கால் மாடல் 34 வரைக்கும்தான். 42-க்கு ஷிமானோ ஜிஆர்எக்ஸ் மாதிரி கிளட்ச் வெச்ச டிரெயிலியர் தேவை. குண்டு குழியில செயின் துள்ளாம இழுத்துப் பிடிக்கிறது அந்தக் கிளட்ச்தான். அதோட, ஒத்த ரிங்குக்குக் குட்டை போல்ட் வாங்கணும், பழைய போல்ட் முழுசா இறுகாது. பெரிய கேசட் போட்டா புது செயினும் வேணும். பழைய நீளத்துல விட்டுட்டு பெரிய பல்லுக்கு மாத்தினீங்கன்னா, டிரெயிலியர் பிஞ்சு கையில வரும். எடை குறையும்னு கனவு காணாதீங்க, முன்னால குறைஞ்சது பின்னால கேசட்ல ஏறிடும்.

சாம்பியனுக்கும் கழண்டுச்சு!

2023 மே 27. இத்தாலியின் ஜிரோ ரேஸ், கடைசிக்கு முந்தின நாள். மோன்டே லுஸ்ஸாரி மலையில தனித்தனியா நேரம் பார்க்கிற போட்டி. 7 கிலோமீட்டருக்கு மேல சராசரி 12 சதவீத ஏத்தம். ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், கெரெய்ன்ட் தாமஸை விட 26 விநாடி பின்தங்கி இருந்தார். அவர் பைக்ல முன்னால ஒரே ரிங், பின்னால 10-44 கேசட். பாதி ஏத்தத்துல... 'க்ளக்'! செயின் கழண்டு போச்சு. இறங்கினார், கையாலேயே மாட்டினார். ஓரமா நின்னுட்டிருந்த ஒருத்தர் ஓடி வந்து தள்ளிவிட்டார். ரோக்லிச் சைக்கிளுக்கு வர்றதுக்கு முன்னாடி பனிச்சறுக்கு தாண்டும் வீரர். தள்ளினவர் அந்தக் காலத்து டீம்மேட்! அன்னிக்கு ரோக்லிச் தாமஸை 40 விநாடியில ஜெயிச்சார், மொத்த ஜிரோவையும் 14 விநாடியில தூக்கினார்.

அவருக்கே கழண்டா நமக்கும் கழலும். அதனால 'செயின் கேட்சர்'னு ஒரு குட்டித் தகடு விக்குது, அதையும் மாட்டிடுங்க. டிரெயிலியர் இருந்த இடத்துல நின்னு காவல் காக்கும்.

போன வாரம் எல்லாத்தையும் முறையா மாட்டிட்டு அதே ஃப்ளைஓவர் ஏறினேன். முதல் அஞ்சு கிலோமீட்டர் உட்கார்ந்தே மிதிச்சேன், எல்லா கியரையும் ஒரு ரவுண்டு பார்த்தேன். அப்புறம்தான் எழுந்து நின்னேன். 'க்ளக்' வரலை. நீங்களும் அதே மாதிரி செய்ங்க. நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னால திரும்பியும் பாருங்க. எல்லா ஆட்டோ அண்ணனுக்கும் பிரேக் அவ்வளவு நல்லா இருக்கும்னு சொல்ல முடியாது!