எண் போடுமுன் யோசிப்போம்!



1992-ல் வந்த ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வழியில் வளர்ந்ததுதான் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற கணினி விளையாட்டு. வேகம், பாஸ், தாங்கும் சக்தி என்று ஒவ்வொரு வீரருக்கும் 1 முதல் 20 வரை மார்க்.

“வேகம்தான் எல்லாம்”, “பிரஸ்ஸிங் போட்டா ஜெயிச்சுடலாம்” என்று ஒரே மேட்சைப் பார்த்துவிட்டுச் சவால் விடுகிறோம். லேபில் ஒரே ரீடிங்கை வைத்து ரிசல்ட் எழுதினால் சார் விடுவாரா? அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டமய்யா இது! வேகத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. பல சீசன் ஓட்டு, சராசரி எடு. அப்புறம் பேசு.

சரி, அந்த மார்க் எங்கிருந்து வருகிறது? ஆட்டத்தை நேரில் பார்க்கும் மனிதர்கள் போடுவதுதான். 2008-ல் இங்கிலாந்தின் எவர்டன் கிளப்பே ஆள் தேட இந்தத் தகவல் தொகுப்பை நாடியது. அதில் பேர் இருந்தால்தான் கண்ணில் படுவான்!

கல்வராயன் மலையில், வெள்ளிமலை மேட்டில் தினமும் ஏறி இறங்கும் பையனின் தாங்கும் சக்திக்கு என்ன மார்க்? பார்க்க ஆளே போகாவிட்டால் மார்க் ஏது? பூஜ்யம் வேறு, அளக்காதது வேறு.

கள்ளக்குறிச்சியில் நாம் நடத்தும் போட்டிகளுக்கு மலை ஊர்ப் பசங்களையும் அழைப்போம். முதலில் பார்ப்போம், பிறகு மார்க் போடுவோம்!