எழுதாத அறிவுக்கும் சாட்சி உண்டு

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள். 1994ஆம் ஆண்டு ஐ.நா. பொது அவை அறிவித்த நாள் இது. அந்த நாளையொட்டி நம் மாவட்டத்து இயக்கத் தோழர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வேன் பிடித்து மலையடிவாரத்துக்குப் போவது உண்டு. உரிமைகள் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். குழுப்படம் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவோம். பல ஆண்டுகளாக நானும் அந்த வேனில் போய் வருகிறவன்தான்.

இத்தனை முறை போனதில் நாம் நிறையச் சொல்லியிருக்கிறோம். கொஞ்சம் கொடுத்தும் இருக்கிறோம். அவர்களிடமிருந்து ஒன்றையாவது கற்றுக்கொண்டு திரும்பினோமா? இந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று பெயர்கள்

செண்பகத்தோப்பு, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில், வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுகிலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தேன், கிழங்கு, நெல்லி, கடுக்காய் என்று காட்டை நம்பியே வாழ்ந்துவந்த மக்கள். சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் 1980களின் இறுதியில் வந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. இரண்டும் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் காட்டில் இருப்பவர்கள் பளியர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு குடியிருப்பில், மூலிகைகளைப் பட்டியலிடலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பாதையோரம் இருந்த ஒரு கொடியைக் காட்டிப் பெயர் கேட்டேன். பெரியவர் ஒருவர் ஒரு பெயர் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா வேறு பெயர் சொன்னார். சற்றுத் தள்ளி நின்ற இளைஞர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். யாரும் யாரையும் திருத்தவில்லை. "எதுதான் சரியான பேரு?" என்று கேட்டேன்.

பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "சாமி, நான் சொன்னது எனக்குத் தெரிஞ்ச பேரு. அவங்களுக்கு எப்படித் தெரியும்னு அவங்ககிட்டதான் கேக்கணும்."

'பெயர்களில் குழப்பம், தகவல் நம்பத்தக்கதல்ல' என்று நோட்டில் எழுதி மூடிவிட்டேன். தமிழில் முதுகலை படித்தவன் நான். பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலபாடம் எது என்று முடிவு கட்டும் பயிற்சி பெற்றவன். ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் இரண்டு தவறாகத்தான் இருக்கும் என்பது என் படிப்பு எனக்குத் தந்த முடிவு.

பின்னாளில்தான் அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னரின் ஆய்வைப் பற்றி அறிந்தேன். 1960களின் தொடக்கத்தில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர் அவர். 1966இல் வெளியான கட்டுரையில் இதே விஷயத்தைப் பேசுகிறார். பளியர்களின் அறிவு பெரும்பாலும் ஒவ்வொருவரும் தாமே கண்டு, தொட்டு, பட்டுத் தெரிந்துகொண்ட அறிவு. எல்லாரும் ஒப்பிக்க வேண்டிய ஒரே பாடம் அங்கே இல்லை. ஒருவர் அறிந்ததை இன்னொருவர் மறுத்து அடக்குவது மரியாதைக் குறைவு. பெரியவரானாலும் சிறியவரானாலும் ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வதில்லை. சண்டை வரும் என்று தோன்றினால் விலகிப் போய்விடுவார்கள். சமத்துவமும் பரஸ்பர மரியாதையும் அவர்களது வாழ்க்கையின் அடிப்படை என்கிறார் கார்ட்னர்.

அன்று நான் குழப்பம் என்று எழுதியது ஓர் ஒழுங்கு. அதைப் பார்க்கும் கண் எனக்கு இல்லை. சமத்துவத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசப் போனவன், எதிரில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் அதைக் கடைப்பிடித்துக் காட்டியதைக் கவனிக்காமல் திரும்பியிருக்கிறேன்.

சித்தருக்குக் கொடுத்த இடம்

இந்தக் குறை என் ஒருவனுக்கு மட்டும் உரியதல்ல. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்கு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அந்த மலையின் ஒவ்வொரு இலையும் மருந்து என்றும், அதைச் சித்தர்கள் கண்டுசொன்னார்கள் என்றும் பக்தியோடு பேசிக்கொண்டு போகிறார்கள். அடிவாரத்தில் அந்த இலைகளோடே வாழும் பளியரிடம் அவற்றைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலர். ஓலையில் எழுதப்பட்டது மருத்துவம். வாயில் இருப்பது காட்டுவாசிப் பேச்சு என்பது நம் மனத்தில் ஊறிப்போன கணக்கு.

தமிழ் படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. குறிஞ்சித் திணையைக் கருப்பொருளோடும் உரிப்பொருளோடும் மனப்பாடமாகச் சொல்வோம். தேனும் கிழங்கும் தினையும் அதில் வரும். எங்கள் வகுப்பறைக்கும் செண்பகத்தோப்புக்கும் தூரம் அதிகமில்லை. ஆனாலும் அந்தப் பாடத்துக்காக ஒருநாள்கூட யாரும் எங்களை அங்கே அழைத்துப் போகவில்லை. நாங்களும் போகத் தோன்றாமலே தேர்வு எழுதினோம்.

தலித் மக்களாகிய நமக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எழுத்து நமக்கு மறுக்கப்பட்டது. அதைப் போராடிப் பெற்றோம். 'கற்பி' என்ற அண்ணல் அம்பேத்கரின் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் என் தலைமுறை சேரியைவிட்டு வெளியே வந்தது. அதில் எந்தச் சமரசமும் இல்லை. ஆனால் எழுத்தைப் பெற்ற கையோடு, எழுத்தில்லாதது அறிவில்லை என்ற அளவுகோலையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம். நம் பாட்டன்மாரை 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று தள்ளிவைக்கப் பயன்பட்ட அதே அளவுகோல் அது.

என் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும் என்று சொல்வார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த வாய்க்காலை எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனக்கணக்கு. அதற்குக் கூலியாகக் களத்தில் அளந்து போடும் நெல்தான் கிடைத்தது. வயலுக்குச் சொந்தக்காரர்களை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த அடிமை முறையிலிருந்து எங்கள் குடும்பம் வெளியேறியதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் சாதி சுமத்திய இழிவை உதறியபோது, அவர் தலைக்குள் இருந்த நீர்க்கணக்கையும் சேர்த்து உதறிவிட்டோம். நான் முதுகலை படித்த காலத்தில் அவர் உயிரோடு இருந்தார். அவரிடம் கேட்டு ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

மலையில் அந்தப் பெரியவர் என்னை 'சாமி' என்று அழைத்தபோது எனக்குச் சுருக்கென்றது. சட்டை, பேனா, நோட்டு எல்லாம் சேர்ந்து, என் தாத்தாவுக்கு எதிரில் நின்றவர்களின் இடத்தில் என்னை நிறுத்திவிட்டிருந்தன.

சந்தைக்கு வந்தால்தான் அறிவா?

பழங்குடி அறிவை நாடு மதித்த சில தருணங்கள் உண்டு. பாம்பு பிடிப்பதை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த இருளர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிழைப்பை இழந்து நின்றார்கள். 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து தயாராகும் மருந்து நாடெங்கும் பாம்புக்கடிபட்டவர்களின் உயிரைக் காக்கிறது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு காலத்தில் குற்றமாகிப்போன அதே அறிவுக்குத்தான் இந்த விருது.

அகத்தியமலையில் 1987இல் நடந்தது இன்னொரு பாடம். காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்று தெம்பாக நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி, கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, அதற்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. உலகமெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. ஆனாலும் ஒரு சிலர் சொன்னதை வைத்து மொத்தச் சமூகத்தின் அறிவுக்கு விலை பேசலாமா என்ற கேள்வி காணி மக்களிடையே எழுந்தது.

மருத்துவத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படும்போது மட்டும் பழங்குடி அறிவு நம் கண்ணில் படுகிறது. கிழங்கைத் தோண்டி எடுத்தபின், கொடியோடு கூடிய தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடும் பழக்கம் பளியர்களிடம் உண்டு. அடுத்த மழைக்கு அது மறுபடியும் விளையும். இதற்கு விருதும் இல்லை, உரிமத் தொகையும் இல்லை. காடு இன்னும் காடாக இருப்பதில் இத்தகைய பழக்கங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் நாம் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறோம்.

சட்டம் கேட்கிறது, நாம் கேட்கவில்லை

இதெல்லாம் மனத்தளவில் திருந்திக்கொள்ள வேண்டிய விஷயம் மட்டும் அல்ல. சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. சிறு வனப் பொருள்கள் மீதான உரிமையைத் தருகிறது. பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவு அந்தச் சமூகத்தின் அறிவுசார் சொத்து என்று பிரிவு 3(1)(கே) சொல்கிறது. சரணாலயமும் தேசியப் பூங்காவும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்தான் வருகின்றன. புலிகள் காப்பகம் ஆகிவிட்டதால் இனி உரிமை கோர முடியாது என்று யாராவது சொன்னால் அது தவறு.

உரிமை கோருவதற்கு என்ன சான்று வேண்டும்? 2008ஆம் ஆண்டின் விதிகளில் 13ஆம் விதியைப் படியுங்கள். அரசு ஆவணங்கள் வரிசையில், உரிமை கோருபவர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாக வைக்கலாம் என்றும் இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது என்று 2012இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. எந்த ஓடையில் மீன் பிடித்தோம், எந்தப் பாறையில் தேன் எடுத்தோம், எந்த இடத்தில் சாமி கும்பிட்டோம் என்று ஒரு பாட்டி சொல்வது சட்டத்தின் முன் சான்று. மூன்று பேர் மூன்று பெயர் சொன்னாலும், அந்த இடத்தை மூன்று பேரும் அறிந்திருக்கிறார்கள் என்பதே சாட்சி.

தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் உரிமைப் பட்டயம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதற்குள் காட்டைக் கால்நடையாக அறிந்த எத்தனையோ முதியவர்கள் மறைந்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கும் வயதாகிறது. ஒவ்வொரு முதியவரோடும் ஒரு சான்று போகிறது.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பளியர் குடியிருப்பிலும் வன உரிமைக் குழுவும் கிராம சபையும் முறையாகக் கூடி, முதியவர்களின் வாக்குமூலத்தைக் காலக்கெடு வைத்துப் பதிவு செய்ய வேண்டும். தனிநபர் உரிமையோடு நிறுத்தாமல், சமூக உரிமைக்கான கோரிக்கைகளையும் ஏற்க வேண்டும். பதிவின் ஒரு படி அந்தக் குடியிருப்பிலேயே இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பழங்குடி அறிவைப் புகழ்வது அவர்களைக் காட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் சாக்காகிவிடக் கூடாது. பளியர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், பள்ளி வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு வரும் ஆம்புலன்ஸ் வேண்டும், தேனுக்கு நியாயமான விலை வேண்டும். பாட்டியின் அறிவும் பேத்தியின் கல்லூரிப் படிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. என் வீட்டில் அப்படி எதிரியாக்கிக்கொண்டதன் இழப்பை அறிந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மலையடிவாரத்துக்குப் போகும்போது மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். இரண்டு நாள் தங்கும் ஏற்பாட்டோடு போவோம். அவர்கள் சம்மதித்தால் அவர்கள் சொல்வதைக் கேட்டு, 13ஆம் விதிக்கு ஏற்ற வாக்குமூலமாக எழுதி, படித்துக் காட்டி, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வருவோம். நம்மிடம் இருக்கும் எழுத்து அதற்கு உதவட்டும். அவர்கள் நம்மை 'சாமி' என்று அழைத்தால், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று முதலில் சொல்லிவிட்டு உட்காருவோம்.

அந்தப் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நம்பத்தக்கதல்ல' என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, அந்தக் கொடிக்கு எதிரே மூன்று பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.