பாட்டியும் கந்தசாமிப் பிள்ளையும்

தில்லியிலோ புனேயிலோ வளரும் தமிழ் மாணவர் ஒருவரிடம் கதை எழுதுமாறு கூறினால், அக்கதை பெரும்பாலும் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கும். அங்கே ஒரு பண்ணையார் இருப்பார், அவர் கொடியவர். ஓர் உழவர் இருப்பார், அவர் நல்லவர். விடுமுறைக்கு வரும் சிறுமியை எதிர்பார்த்து ஒரு பாட்டி திண்ணையில் அமர்ந்திருப்பார்; அவர் அன்பே உருவானவர். எழுத்துப் பிழை ஒன்றும் இராது. ஆயினும் கதையைப் படித்து முடித்தவருக்கு அந்தப் பாட்டி நினைவில் நிற்பதில்லை.

இதற்காக மாணவரைக் குறை கூறுவது முறையன்று. தமிழ்க் கதை தமிழ்நாட்டுச் சிற்றூரில்தான் நிகழவேண்டும் என்ற எண்ணத்தைப் பாடநூல்களே அவருக்கு ஊட்டியுள்ளன. இப்பயிற்சி நூலும் அதற்கு விலக்கன்று.

‘நல்லவர்’, ‘கொடியவர்’ என்னும் அடைமொழிகளால் கதைமாந்தர் உயிர் பெறுவதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டும், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுப்பார் என்பவை தெரியும்போதே உயிர் பெறுகின்றனர். புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் சிறுகதையின் தொடக்கத்தைப் பார்க்கலாம். கந்தசாமிப் பிள்ளை சென்னையின் ஒரு தெருமுனையில் நின்று கணக்குப் போடுகிறார். கையில் இருப்பது சில்லறைக் காசு. வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டால் வீட்டுக்கு நடக்கவேண்டும். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றிச் சிறிது தொலைவு கடந்தபின் டிக்கெட் வாங்கினால் அரைக் கோப்பைக் காப்பிக்கு வழியுண்டு. ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தச் சிறு தந்திரத்தைக் கண்டவுடன் வாசகர் அவரை அறிந்துகொள்கிறார். பின்னர்க் கடவுளே மனித உருவில் வந்து வழி கேட்கிறார். இருவரும் காப்பி குடிக்கச் செல்கின்றனர். நடக்க இயலாத நிகழ்ச்சிதான். ஆனால் காசுக் கணக்கை நம்பியவர் கடவுளையும் நம்பிவிடுகிறார்.

இனி, அன்பே உருவான அந்தப் பாட்டியிடம் திரும்பலாம். அவரைத் திண்ணையிலிருந்து எழுப்பி, மாணவியின் வீடு இருக்கும் தில்லிக்கே அழைத்துவந்தால் என்ன? மின்தூக்கி இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி. பாட்டிக்கு முழங்கால் வலி. இந்தி தெரியாது. இருந்தும் மாலை நான்கு மணிக்குக் காய்கறி வண்டி வந்தவுடன், வீட்டில் காய் நிறைந்திருக்கும் நாளிலும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறார். விரல்களைக் காட்டிப் பேரம் பேசுகிறார். வீட்டிற்கு வெளியே அவரிடம் பேசுபவர் அந்த வண்டிக்காரர் ஒருவரே. அதைச் சொன்னால் பாட்டி மறுப்பார்; வெண்டைக்காய் மலிவு என்பார். ‘அன்பே உருவானவர்’ என்ற தொடரை அடித்துவிட்டு இவ்வளவை எழுதினால் போதும். ஆலமரம் தேவைப்படாது.

இப்படி எழுதினால் அது தமிழ்க் கதை ஆகுமா என்று ஐயுறுவோர் உண்டு. அசோகமித்திரன் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ என்னும் நாவலின் சந்திரசேகரன் அந்நகரத்துத் தமிழ் இளைஞன். கிரிக்கெட் ஆடுகிறான், தெலுங்கும் உருதும் ஒலிக்கும் தெருக்களில் திரிகிறான். ஐதராபாத் சமஸ்தானம் 1948இல் இந்தியாவுடன் இணைந்த காலத்தின் கொந்தளிப்பை அவன் வழியாகவே வாசகர் காண்கிறார். தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

மொழியைப் பற்றியும் அச்சம் வேண்டியதில்லை. கதை கூறும் நடை செந்தமிழாக இருக்கலாம். கதைமாந்தர் தம் வாயால் பேசவேண்டும். மிளகாய் வாங்கினால் வண்டிக்காரர் ஒரு பிடி கொத்தமல்லியை விலையின்றித் தந்து, “தனியா” என்கிறார். பாட்டியின் ஊரில் தனியா என்பது விதை, தழை அன்று. “இது கொத்தமல்லி” என்று அவர் நாள்தோறும் திருத்துகிறார். வண்டிக்காரர் நாள்தோறும் தலையசைத்துவிட்டு, மறுநாளும் “தனியா” என்கிறார். இந்தி அறியாத ஒருவர் இந்திக்காரரின் சொல்லைத் திருத்தும் இக்காட்சியைத் தூய தமிழுக்கு மாற்றினால் பாட்டி மறைந்துவிடுவார்.

இதை வீட்டிலிருந்தபடியே கற்பனை செய்ய இயலாது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மாணவியும் உடன் இறங்கவேண்டும். பாட்டி அதை விரும்பமாட்டார். “நீ எதுக்கு வரே? பாடம் எழுதியாச்சா?” என்றுதான் கேட்பார்.